புகுந்த வீட்டில் மட்டும் இறங்கும் சார்ஜ்

காபி ஆறிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் சைக்கிள் கடைக்காரர் நாற்காலியின் நுனியில், முதுகு சாய்மானத்தில் படாமல் உட்கார்ந்திருந்தார். துக்க வீடானாலும் கல்யாண வீடானாலும் அவர் அப்படித்தான் உட்காருவார். கடைத்தெருவில் அவருக்கு 'ஸ்போக்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒல்லி, நேர், வளைந்தால் அப்புறம் எதற்கும் உதவாது என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள். இந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை சைக்கிள் சங்கத்தின் மேட்டுச் சாலைப் போட்டியில் அவருடைய மகள் பாதி வழியில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். அதைத்தான் எல்லோரும் வாய் திறக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி அவர் கடை வண்டி. மகள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபின் வந்த முதல் பிறந்தநாளுக்கு, அவரே தன் கையால் பூட்டி, ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை முடுக்கிப் பார்த்து அனுப்பியது. பழைய வண்டிகளைப்போல் கம்பியை இழுத்துக் கியர் மாற்றும் வேலை இதில் இல்லை. பிரேக் பிடியின் பக்கத்திலேயே சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்கும். விரலால் லேசாக அமுக்கினால் ஒரு குட்டி மோட்டார் 'ஙீ' என்று முனகிச் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும். இத்தனைக்கும் உயிர், சீட்டுக் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு பேட்டரி. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் மாதக்கணக்கில் வரவேண்டியது, இந்த வண்டியில் இரண்டொரு நாளில் தீர்ந்துபோயிற்று. பேட்டரி தீர்ந்தாலும் சைக்கிள் ஓடும், கியர்தான் மாறாது. மேட்டின் அடிவாரத்தில் முன்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்திலேயே செயின் மாட்டிக்கொண்டால், இரும்புக் காலாக இருந்தாலும் எவ்வளவு தூரம் மிதிக்க முடியும்?

"நான் ஒண்ணும் சொல்லல சம்பந்தி," என்று ஆரம்பித்தார் சம்பந்தியின் அக்கா. சம்பந்தியின் மனைவி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து அந்த வீட்டை நடத்துவது இந்த அக்காதான், இந்த அக்காவின் நாக்குந்தான். "ரோட்டோரமா நின்னு பார்த்தேன், அவ்வளவுதான். எல்லாரும் சர்சர்னு ஏறிப் போறாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு மட்டும் வண்டிக்குத் துணையா நடந்து வர்றா. பக்கத்துல நின்ன எதிர்வீட்டுக்காரி கேக்கறா, 'உங்க மருமக நடைப்போட்டியில பேர் குடுத்திருக்காளா'ன்னு. நான் என்னத்தைச் சொல்றது?"

"அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரேன்," என்றார் சம்பந்தி.

"சும்மாத்தானே இருக்கேன். ஓடாத வண்டியை நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு நானா சொன்னேன்? பாக்கறவங்க சொல்லுவாங்க."

கடைக்காரர் எழுந்தார். எழுந்தபோதும் முதுகு அதே கோணந்தான். அப்பா காலத்திலிருந்து நடக்கும் கடை. 'ஓடாத வண்டி' என்ற சொல் அந்தக் கடையின் வாசலில் இதுவரை விழுந்ததில்லை.

"மாசக் கடைசியில அதே மேட்டுல மறுபடியும் போட்டி வெக்கறாங்க. அதுக்குள்ள கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சுக் காட்டறேன். கோளாறு என் வண்டியிலதான்னு ஆச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். அதுவரைக்கும் இந்தக் காபியும் வேண்டாம்."

சொன்ன பிறகுதான் சமையலறை வாசலில் நின்ற மகளின் முகம் கண்ணில் பட்டது. தண்ணீர் குடிக்காத அப்பா இந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு வந்து போவார் என்று அந்த முகம் கேட்டது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பாவும் வேண்டும், மாமனாரும் வேண்டும், பெண்டாட்டி கட்டாயம் வேண்டும். ஆகவே இம்மாதிரிச் சமயங்களில் அவர் சுவரைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கடைக்காரர் வண்டியை வாசலுக்கு உருட்டியபோது சம்பந்தி பின்னாலேயே ஓடிவந்தார். கையில் மடித்த துணி. சம்பந்திக்கு உறை தைக்கும் தொழில். கார் இருக்கை, சோபா, பியானோ, தையல் இயந்திரம் என்று உலகத்தில் எது தூசி படக்கூடாதோ அதற்கெல்லாம் அளவெடுத்து உறை தைப்பார். அவர் தைத்த உறையில் சுருக்கம் காட்டினால் வேலையையே விட்டுவிடுகிறேன் என்பார். யாரும் காட்டியதில்லை.

"உறையையும் எடுத்துட்டுப் போங்க சம்பந்தி. தூசி படாம இருக்கும்."

"என் கடையில தூசி கிடையாது," என்றார் கடைக்காரர்.

சம்பந்தியின் முகம் சுருங்கிற்று. மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கறிகாய் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கத்தியைக் கீழே வைத்தால் பேச்சு பெரிதாக இருக்கும்.

"உங்க மானம் பெரிசுதான், ஒத்துக்கறேன். ஆனா பொண்ணைக் குடுத்த வீட்டுல போய்த் தண்ணி குடிக்க மாட்டேன்னு சபதம் போட்டுட்டு வந்தா, நாளைக்கு நான் எப்படிப் போறது? வீட்டுலேருந்து பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போகட்டுமா?"

"கோளாறு என் வண்டியில இல்ல."

"இருந்தா?"

"இல்ல."

"அதையேதான் அவங்களும் சொல்வாங்க, கோளாறு எங்க பக்கம் இல்லன்னு."

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் வண்டியைத் தாங்கியில் ஏற்றினார். பேட்டரிதான் கெட்டுப்போயிருக்கும் என்பது முதல் சந்தேகம். அதைக் கழற்றி, முழுக்க ஏற்றி, தனியாக மேசைமேல் வைத்துப் பார்த்தார். கட்டிப்போட்ட கன்றுக்குட்டிபோல் சார்ஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. சார்ஜரில் குறையா என்று கடையில் இருந்த வேறொன்றை மாட்டிப் பார்த்தார். அதிலும் இதிலும் வித்தியாசமில்லை. வயர்களின் மூட்டுகளில் ஈரம் போயிருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பச்சைக் களிம்பு பூத்த அடையாளம் எங்கும் இல்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் செயினைத் தள்ளுகிற கை எங்காவது இடித்து வளைந்திருந்தால், மோட்டார் போக முடியாத இடத்துக்குப் போகத் திணறித் திணறிச் சார்ஜைக் குடிக்கும். அந்தக் கையையும் அளவுகோல் வைத்துப் பார்த்தார். அவர் முதுகைவிட நேராக இருந்தது.

பிறகு எல்லாவற்றையும் பழையபடி பூட்டிக் கடைச் சுவரில் மாட்டிவிட்டார். தினமும் கடை திறந்ததும் ஒரு தடவை சுவிட்சை அமுக்குவார். ஹேண்டில்பாரின் அடியில் ஒரு சின்ன விளக்கு எரியும். பச்சை என்றால் சார்ஜ் நிறைய இருக்கிறது, சிவப்பு என்றால் தீரப்போகிறது. முதல் நாள் பச்சை. அடுத்த நாளும் பச்சை. வாரம் முழுவதும் அப்படியே போயிற்று. அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. கைப்பிடியை மிருதுவான துணியால் துடைத்து, வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டில் விட்டார். உள்ளே உட்காரவில்லை.

"ஒரு கோளாறும் இல்ல. அன்னிக்குச் சார்ஜ் போட மறந்திருப்பீங்க," என்று மகளிடம் சொன்னார், உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

இரண்டு நாள் கழித்து மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா... சிவப்பு விளக்கு எரியுதுப்பா."

அவர் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "பொறந்த வீட்டுல சமத்தா இருக்குதாம். புகுந்த வீட்டுக்கு வந்தா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குதாம். வண்டியா அது, இல்ல நம்ம வீட்டுக்கு வந்த மகாராணியா?"

கடைக்காரர் போனை வைத்துவிட்டுக் கல்லாப் பக்கம் போய் உட்கார்ந்தார். சொல்லில் குத்தல் இருந்தது, ஆனால் அதில் ஒரு செய்தியும் இருந்தது. என் கடையில் இறங்காத சார்ஜ் அந்த வீட்டில் இறங்குகிறது என்றால், கோளாறு வண்டியில் இல்லை, அந்த வீட்டில் இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பெண்ணைக் கொடுத்துவிட்டு, 'உங்க வீட்டுலதான் கோளாறு' என்று அந்த வீட்டின் கூடத்தில் நின்று சொல்கிறவன் மனுஷனா? சொல்லாமல் இருந்தால் வண்டிமேல் பழி விழும். சொன்னால் மகள் அங்கே நிற்க முடியாது.

"வாயைத் திறந்துடாதீங்க," என்றாள் மனைவி, அவர் எதுவும் சொல்லுமுன்பே.

அன்று மாலை வேலை முடிந்து வரும் வழியில் மகள் கடைக்கு வந்தாள். சைக்கிளை எடுத்து வரவில்லை. முகம் வாடியிருந்தது.

"பாவம்ப்பா மாமா. உங்களுக்கு மேல அவர்தான் தவிக்கிறார். ஈரம் தாக்குதோ என்னவோன்னு உறைக்கு உள்ளார இன்னொரு அடுக்குப் பஞ்சு வெச்சுத் தைச்சுட்டார். அத்தை பேசறதைக் கேட்டா அவர் சாப்பாட்டுத் தட்டுலயே தலையைக் கவுத்துக்கறார். எனக்கு இந்த வண்டியே வேண்டாம்ப்பா. ஓட்டறதையே விட்டுடறேன்."

"நீ விட்டா நான் விட்டதா அர்த்தம்," என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சரி பாப்பா, ஒண்ணு சொல்லு. காலையில வண்டியை எடுக்கறப்ப வித்தியாசமா எதுவும் இருக்குதா? என்னவானாலும் சொல்லு," என்றார்.

அவள் யோசித்தாள். "வித்தியாசம்னு... பெடலைச் சுத்தினதும் செயின் கடகடன்னு கடைசிப் பல்லுக்குப் போய் விழும். அப்புறந்தான் சரியா ஓடும்."

"கடைசிப் பல்லா? முந்தின நாள் எங்க விட்டுட்டு வந்த?"

"நடுப் பல்லுலதான். நம்ம வீட்டுல எப்பவும் அப்படித்தானே?"

அது அந்தக் கடையின் சட்டம். வண்டியை நிறுத்தும்போது செயின் நடுச்சக்கரத்தில் இருக்கவேண்டும். அப்பா காலத்திலிருந்து அப்படி. மகள் மூன்று சக்கர வண்டி ஓட்டிய வயதிலேயே அதைக் கேட்டு வளர்ந்தவள், மறக்கமாட்டாள்.

கடைக்காரரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. செயின் தானாக நகராது. நடுவில் விட்டது காலையில் கடைசிக்குப் போகத் தயாராக இருக்கிறது என்றால், இடையில் யாரோ சுவிட்சை அமுக்கியிருக்கிறார்கள். வெறுமனே அமுக்கிவிட்டு எடுத்தால் சார்ஜ் இவ்வளவு தீராது. அமுக்கியபடியே வைத்திருக்க வேண்டும். சுவிட்சில் விரல் இருக்கும்வரை அந்த இயந்திரம் தூங்காது, அடுத்த உத்தரவுக்காகக் கண் விழித்துக் காத்துக்கொண்டே இருக்கும்.

யார்? மகள் இல்லை. சம்பந்தியா? மாட்டார். மாப்பிள்ளை சுவரைத் தவிர எதையும் தொடுவதில்லை. மிச்சம் இருந்த முகத்தை நினைத்ததும் கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று.

மறுநாள் மதியம், மகள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் சம்பந்தி வீட்டுக்குப் போனார். அக்கா கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வழக்கம்போலக் காபி வந்தது. வழக்கம்போல அவர் அதைத் தொடவில்லை.

"ஒரு விஷயம் கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"தப்பா எடுத்துக்கற விஷயம் இல்லன்னா இந்த முன்னுரை எதுக்கு? கேளுங்க."

"வண்டி சும்மா நிக்கறப்ப யாரோ அதோட சுவிட்சை அமுக்கறாங்க. அதனாலதான் சார்ஜ் போவுது."

அக்கா மடித்த துணியை ஓரமாக வைத்தார். "யாரோன்னா? தம்பியும் பையனும் பின்னால வேலையில இருக்காங்க. உங்க பொண்ணு ஆபீஸ் போயிடறா. அப்ப மிச்சம் யாரு? சுத்தி வளைக்காம என் பேரையே சொல்லிடுங்களேன்."

"நான் பேர் சொல்லல."

"சொல்ல வேற வேணுமாக்கும்! ஏன் சம்பந்தி, எனக்கு வேற சோலி இல்லையா? இந்த வயசுல போய் ஒரு சைக்கிள்கிட்ட உக்காந்து பொத்தானை அமுக்கிக்கிட்டு இருப்பேனா? நான் யாரையும் பேசணும்னா மூஞ்சிக்கு நேரா பேசறவ. முதுகுக்குப் பின்னால வண்டிகிட்ட போய் வேலை காட்டறவ இல்ல."

அது உண்மை என்று கடைக்காரருக்கே பட்டது. முகத்துக்கு நேராகப் பேசுவதில் அந்த அம்மாள் ஒரு நாளும் குறை வைத்தது கிடையாது. ஆனால் அக்கா இன்னும் முடிக்கவில்லை. கையை நீட்டி முன்னறையைக் காட்டினார்.

"அப்படியே ஆசை வந்தாலும் நான் எப்படி அமுக்கறது? அங்க போய்ப் பாருங்க. தம்பி தைச்சுப் போட்டிருக்கிற உறையில எறும்பு நுழைய வழி உண்டா? வண்டிக்குத் தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. என் கை எங்கே நுழையும்? சொல்லுங்க, எங்கே நுழையும்?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு எழுந்து முன்னறைக்குப் போனார்.

துணி உருளைகள் அடுக்கிய அந்த அறையின் நடுவில் வண்டி நின்றது. உறை போட்டிருந்தாலும் அது சைக்கிள் என்று ஒவ்வொரு அங்குலமும் சொல்லிற்று. சீட்டுக்குச் சீட்டின் வடிவம், சக்கரத்துக்குச் சக்கரத்தின் வட்டம். ஹேண்டில்பாரின் இரண்டு பிடிகளுக்கும் தனித்தனியாக, குழந்தையின் கையுறைபோல் இரண்டு பைகள். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை.

சத்தம் கேட்டுச் சம்பந்தி வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்ன சம்பந்தி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உறையைக் கழட்டிட்டு, இன்னொரு தடவை எனக்கு எதிர்ல போட்டுக் காட்டுங்களேன்."

சம்பந்திக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனால் தன் உறையைப் போட்டுக் காட்டச் சொன்னால் எந்த நேரத்திலும் மறுக்கமாட்டார். பேட்டரியில் அப்போது கொஞ்சம் உயிர் இருந்தது, காலையில்தான் மகள் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். கடைக்காரர் பெடலைச் சுற்றிச் செயினை நடுச்சக்கரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். சம்பந்தி பின்சக்கரத்திலிருந்து ஆரம்பித்து உறையை இழுத்து, சீட்டின்மேல் நீவி, முன்னால் கொண்டுவந்தார். கடைசியாகப் பிடிகளுக்கான பைகளை மாட்டி, மடிப்பைத் தட்டி, ஜிப்பை இழுத்தார்.

'ஙீ... ஙீ... ஙீ...'

கடைக்காரரின் பின்னாலேயே வந்திருந்த அக்கா கழுத்தை நீட்டினார்.

"உள்ள என்னமோ முனகுது தம்பி," என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி.

கடைக்காரர் குனிந்து பின்பக்க உறையைத் தூக்கிப் பார்த்தார். செயினைத் தள்ளுகிற கை கடைசிப் பல்லுக்கு நேராகப் போய் நின்றிருந்தது. பிறகு கைப்பிடிப் பையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். பஞ்சு வைத்த மெத்தையில், சுவிட்சுகள் அழுந்திய இடத்தில் பொத்தான் அளவில் அழகாகக் குழி விழுந்திருந்தது.

சம்பந்தி அந்தக் குழிகளைப் பார்த்தார். விரலால் தொட்டார். பிறகு பக்கத்திலிருந்த துணி உருளையின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்போ என் உறைதானா?"

வண்டிமேல் கிடந்த உறையை விரலால் காட்டினார்.

"முதல் தடவை சார்ஜ் போனப்ப, குளிர் தாக்குதுன்னு உள்ளார மெத்தை வெச்சேன். அடுத்த தடவை, காத்து போவுதுன்னு இறுக்கிப் பிடிச்சேன். இப்போ இந்த வாரம் இன்னொரு அடுக்கு. நான் பாதுகாக்கப் பாதுகாக்க அது செத்துக்கிட்டே இருந்திருக்கு. நான்தான் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

கடைக்காரர் இந்த நேரத்துக்காக எத்தனையோ வசனங்கள் தயார் செய்து வைத்திருந்தார். குளிக்கும்போதும், கடை திறக்கும்போதும், சோற்றைப் பிசையும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டவை. 'ஓடாத வண்டி' என்ற ஒரு சொல்லுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஆனால் அவர் கையில் அந்தக் கைப்பிடிப் பை இருந்தது. யார் கண்ணிலும் படாத உள்பக்கம் அது. அங்கேயும் தையல் கோடு போட்டாற்போல் ஓடியது. உள்ளே வைத்திருந்த துணி, குழந்தைக்குச் சட்டை தைக்க எடுக்கிற துணி. மகளின் வண்டியை இந்த வீட்டில் மூலையில் தள்ளி வைக்கவில்லை. இப்படி வைத்திருக்கிறார்கள். அவர் நெஞ்சில் இத்தனை நாளாகக் கிடந்த கல் நகர்ந்தது. வசனங்களும் அதோடு சேர்ந்து எங்கோ உருண்டுபோயின.

"சம்பந்தி, உறையில ஒரு குறையும் இல்ல," என்றார். "அளவு கொஞ்சம் கச்சிதமா அமைஞ்சுபோச்சு. அவ்வளவுதான்."

"இறுக்கம்னு சொல்லுங்க."

"கச்சிதம்."

"இறுக்கம் சம்பந்தி! என் மனசு நோகக் கூடாதுன்னு பாக்காதீங்க."

"நான் கச்சிதம்னுதான் சொல்லுவேன். என் வாயிலேருந்து வேற வார்த்தை வராது."

"ஐயோ, இதுக்குமா சண்டை?" என்றார் அக்கா. சொன்னவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சம்பந்தியும் துணி உருளையின்மேல் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். கடைக்காரர் சிரிக்கும் ஆளில்லை. ஆனால் அவர் தோள்கள் ஆடியதை அங்கே இருந்தவர்கள் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சம்பந்திக்கு வேறு கவலை வந்தது. "வெளிய தெரிஞ்சா என் பொழப்பு என்ன ஆகறது? ஊர்ல இருக்கிற காருக்கெல்லாம் உறை தைக்கறவன், சொந்த மருமக வண்டியைத் தைச்சே கெடுத்தான்னு சொல்வாங்களே."

"எப்படித் தெரியும்? இது இந்த அறையை விட்டு வெளிய போகாது. நாம மூணு பேர்தானே இருக்கோம்," என்றார் கடைக்காரர்.

சொல்லிவிட்டு அவர் அக்காவைப் பார்த்தார். சம்பந்தியும் அக்காவைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க ரெண்டு பேரும்? நான் என்ன ஊர் ஊராப் போய்ச் சொல்றவளா?"

இருவரும் சட்டென்று வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சம்பந்தி உடனே அளவு நாடாவை உருவினார். பிடிகளின் பைகளைப் பிரித்து, சுவிட்சுகளைச் சுற்றி மேல்புறம் கிண்ணம்போல் குமிழ்ந்திருக்கும்படி புதிதாக வெட்டவேண்டும் என்றார். நாடாவின் மறுமுனையைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். எங்கே துணி படக்கூடாது என்று அவர் காட்டக் காட்ட, சம்பந்தி சாக்கட்டியால் கோடு போட்டார். "இன்னும் ஒரு விரல் விடுங்க." "விட்டா சுருக்கம் விழுமே சம்பந்தி." "விழட்டும்." சம்பந்தி பெருமூச்சு விட்டார். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் உறையில் தெரிந்தே சுருக்கம் விட்டார்.

காபியை அக்கா மறுபடியும் சூடாக்கிக் கொண்டுவந்தார். கடைக்காரர் தலையை அசைத்தார்.

"போட்டி அன்னிக்கு வரைக்கும் பச்சை விளக்கு எரியட்டும். பொண்ணு மேட்டை ஏறட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அடேயப்பா," என்றார் அக்கா. ஆனால் இந்தத் தடவை அதில் குத்தல் இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் மகளின் போன் வந்தது. வணக்கமும் கிடையாது, நலமும் கிடையாது. "பச்சைப்பா," என்பாள். அவர் "ம்" என்பார். அந்த 'ம்' சொன்ன நாட்களில் அவர் கடையில் வாடிக்கையாளர்களிடம் சிடுசிடுக்கவில்லை என்று மனைவி கண்டுபிடித்துச் சொன்னாள்.

போட்டி நாளன்று எல்லோரும் மேட்டின் பாதியில், மகள் முன்பு இறங்கி நடந்த அதே இடத்தில் நின்றார்கள். சம்பந்தி உறையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார், வண்டி நின்றதும் போட. முதலில் நாலைந்து பேர் கூட்டமாக ஏறிப் போனார்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் பேர். கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டியபடி, கண்ணிமைக்காமல் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். அதை அவர் தட்டிவிடவில்லை.

வளைவில் மகளின் தலைக்கவசம் தெரிந்தது. மேடு செங்குத்தாகும் இடத்துக்கு வந்தாள். விரல் அசைந்தது. அந்தச் சந்தடியிலும் அவர் காதுக்கு அது கேட்டது. 'ஙீ.' செயின் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சின்னச் சக்கரத்துக்கு இறங்கிற்று. கால்கள் வேகம் பிடித்தன. எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே மிதித்து, அவர்களைக் கடந்து ஏறிப் போனாள். போகிற போக்கில் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் 'பச்சை' என்று அசைந்தது.

அவள் முதலில் வரவில்லை, இரண்டாவதாகவும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

எதிர்வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தாள். "இன்னிக்கு ஜோரா ஏறிட்டாளே! அன்னிக்கு வண்டியில என்னதான் கோளாறு?"

கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியின் கை உறையை இறுக்கிற்று. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்தினார்.

"கோளாறா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. ரெண்டு வீட்டுலயும் வேலை சுத்தமா பண்றவங்க பாருங்க. அதான் அளவு கொஞ்சம் கச்சிதமா அமைஞ்சுபோச்சு."

எதிர்வீட்டுக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவேண்டிய இருவருக்கும் விளங்கிற்று.

எல்லோரும் சம்பந்தி வீட்டுக்குத் திரும்பியதும் கடைக்காரர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா உள்ளேயிருந்து வந்தார். தட்டில் காபி இல்லை. விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய ஒரு டம்ளர் மட்டும் இருந்தது.

"முதல்ல பச்சத்தண்ணி. அதைத்தானே சபதத்துல சொன்னீங்க. காபி அப்புறம்."

கடைக்காரர் டம்ளரை வாங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சுவரைவிட்டுக் கண்ணை எடுத்த மாப்பிள்ளை உட்பட. ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு முதுகைச் சாய்மானத்தில் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, வெறும் டம்ளரை அக்காவிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு குடுங்க," என்றார்.